பழைய ஹெரால்டுக்கு என்ன விலை?

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலையை. கடைசியில் பார்ப்பது நிலையை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் கட்சி. முக்கடலின் காற்றும் படுகிற கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய வாகனம் ஒன்றின் மீது ஆசை வைப்பவருக்கு இது ஏட்டளவிலான விவாதம் அன்று. வளைகுடாவில் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பணமோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பணிக்கொடையோ ஒரே கையெழுத்தில் துருவாக மாறக்கூடிய காரியம் இது.

ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு இல்லை. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் போன்ற ஓரிரு முயற்சிகளைத் தவிர, இரண்டு பேர் மட்டும் அமர்ந்து ஓட்டுகிற இன்பத்துக்காக இங்கே வண்டி செய்தவர்கள் அரிது. ஆனால் அந்த வம்சத்தின் நெருங்கிய உறவினர் ஒருவர் சென்னையிலேயே பிறந்திருக்கிறார். அவர்தான் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் உருவானது. அதே ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி, மாற்றியமைத்து, இரண்டு இருக்கை வைத்துத்தான் 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை ஆங்கிலேயர் செய்தார்கள். இரண்டுக்கும் உடல் வரைந்தவர் ஜொவான்னி மிக்கலொட்டி என்ற ஒரே இத்தாலியர். எனவே ஸ்பிட்ஃபயர் வாங்குகிற ஆங்கிலேயர் எதையெல்லாம் சோதிப்பாரோ, அவற்றில் பெரும்பகுதியை நாகர்கோவிலில் ஹெரால்டு வாங்குகிறவரும் சோதிக்க வேண்டும்.

முதலில் இந்த வண்டியின் கட்டுமானத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐம்பதுகளில் உலகம் முழுவதும் கார்கள் தனிச் சேசிஸைக் கைவிட்டு, உடலே எலும்பாகவும் இருக்கிற முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் நிறுவனத்துக்கு முழு உடலை ஒன்றாக வார்த்துத் தர ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பணியைச் செய்து வந்த நிறுவனத்தைப் போட்டியாளர் வாங்கிவிட்டார். ஆகவே பழைய முறைக்கே திரும்பி, அடியில் எஃகுச் சட்டமும் மேலே துண்டு துண்டாக முடுக்கிச் சேர்த்த தகடுகளுமாக ஹெரால்டை அமைத்தார்கள். இதனால் ஒரு நன்மை விளைந்தது. வண்டியைப் பெட்டிகளில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பி, சென்னை போன்ற ஊர்களில் சேர்த்து முடுக்குவது எளிதாயிற்று. அதற்கு ஈடாக ஒரு தீமையும் வந்தது. ஒவ்வொரு இணைப்பும் ஈரம் தங்குகிற ஒரு மடிப்பு.

இந்த மடிப்பில்தான் நம் ஊரின் கதை நுழைகிறது. இம்மாவட்டம் தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. ஒரு மழையின் ஈரம் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். கடல் எந்த ஊரிலிருந்தும் அதிகத் தொலைவில் இல்லை. குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் நின்ற வண்டியும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வறண்ட காற்றில் நின்ற வண்டியும் ஒரே ஆண்டில் பிறந்தவையாக இருந்தாலும் ஒரே வயதுடையவை அல்ல. பழைய காரின் வயதை ஆர்.சி. புத்தகம் பாதிதான் சொல்லும். அது எந்தக் காற்றில் உறங்கியது என்பதே மீதியைச் சொல்லும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன் என்று பெருமையாகச் சொல்கிற உரிமையாளரைக் கண்டால் ஒரு கணம் தயங்குவது நல்லது. இறுகக் கட்டிய பாய்க்குள் ஈரம் வேர்த்து வேர்த்துத் தங்கும். பக்கம் திறந்த ஓட்டுச் சாய்ப்பில் காற்றோட்டமாக நின்ற வண்டி அதைவிடப் பல மடங்கு மேல்.

ஆகவே இன்ஜினைக் கிளப்பிக் காட்டுகிற விற்பனையாளரிடம் மயங்க வேண்டாம் என்பதே முதல் அறிவுரை. 948 சி.சி. கொள்ளளவுள்ள ஹெரால்டின் இன்ஜின் மிக எளிய பொருள். அதைப் பிரித்துக் கோக்க வல்ல கைகள் நம் ஒர்க்‌ஷாப்புகளில் இன்னமும் இருக்கின்றன. கிளட்சை மிதிக்கும்போது முன்புறக் கப்பி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. அதுவும் சரிசெய்யக் கூடியதே. சேசிஸின் பக்கக் கரங்களும் பின்புறச் சட்டமும் அரித்துப்போயிருந்தால் அது வேறு கணக்கு. படுத்துப் பார்க்க வேண்டும். வேட்டி அழுக்காகும் என்று பார்க்கிறவர் பழைய கார் வாங்காமலிருப்பது நல்லது.

அடுத்தது சக்கரங்கள். பின் சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் குறுக்கே செல்லும் வில்பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். முன் சக்கரங்களின் திருப்பத்தைத் தாங்குகிற பித்தளைத் துண்டு ஒன்று உண்டு, டிரன்னியன் என்பார்கள். அதற்குக் கிரீஸ் அன்று, கெட்டியான கியர் எண்ணெய் விட வேண்டும். பிற வண்டிகளின் பழக்கத்தில் கிரீஸ் அடித்தே வந்தவர்களின் வண்டிகளில் ஒரு நாள் அது முறிந்து சக்கரம் மடிந்துவிடும். எண்ணெயா கிரீஸா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு பதிலில் வண்டி எப்படி வளர்க்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகிய நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார். அதன் பிறகே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். கொம்பில் பூசிய வர்ணத்துக்கு அவர் விலை கொடுத்ததில்லை. அவருடைய பேரன்தான் புது பெயின்ட் பளபளக்கிற வண்டியைக் கைப்பேசிப் படத்தில் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்புகிறான். பளபளப்புக்கு அடியில் எவ்வளவு பட்டி இருக்கிறது என்பதை ஒரு சிறு காந்தம் சொல்லிவிடும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் எங்கே ஒட்ட மறுக்கிறதோ அங்கே தகடு இல்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்லலாம். செல்லரித்த சுவடியைப் பதிப்பிக்கிறவர்களில் இரு வகை உண்டு. சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு, இங்கே எழுத்து இல்லை என்று காட்டுகிறவர் ஒருவர். தாமே ஒரு வரி எழுதிச் செருகி, மூலம் என்று நம்ப வைக்கிறவர் மற்றொருவர். துருவைத் துருவாகவே காட்டி விற்கிற உரிமையாளர் முதல் வகை. பட்டி பார்த்து மூடி விற்கிறவர் இடைச்செருகல்காரர். முன்னவரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் நட்டமில்லை.

இனி விலைக்கு வருவோம். உதாரணத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு வண்டி 1.25 லட்சம், ஓடாது, துரு உண்டு. இன்னொன்று 3.5 லட்சம், ஓடுகிறது, அடிச்சட்டம் திடமாக இருக்கிறது. முதல் வண்டிக்குச் சட்டமும் தகடும் 2 லட்சம், பெயின்ட் 75 ஆயிரம், இன்ஜின் 75 ஆயிரம், உள்வேலையும் மின்வேலையும் 50 ஆயிரம் என்றால் மொத்தம் 5.25 லட்சம். இரண்டாவதற்கு டயர், பிரேக், ரப்பர்க் குழாய்களுக்கு 50 ஆயிரம் சேர்த்தால் 4 லட்சம். மலிவானது எது? பணக்கணக்கில் சேராத இன்னொன்றும் இருக்கிறது. முதல் வண்டி டிங்கர் கடையின் மூலையில் இரண்டு மழைக்காலம் நிற்கும். அதற்குள் வாங்கியவரின் ஆசை ஆறியிருக்கும். பாதியில் நின்ற வண்டிகள்தான் மறுபடியும் 1.25 லட்சத்துக்கு விற்பனைக்கு வருகின்றன.

உதிரிபாகம் என்ற செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹெரால்டுக்குப் பின் வந்த கஸல் 1977-இல் நின்றது. ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் 1985-இல் வந்தது. 1988-இல் தொழிற்சாலையே மூடியது. எஞ்சியிருந்த பாகங்கள் பின்னாளில் பிரிட்டனுக்கு வாங்கிச் செல்லப்பட்டன. இன்று ஒரு ஹெரால்டின் கண்ணாடிச் சட்டமோ கதவுக் கைப்பிடியோ காணாமல் போயிருந்தால், அதைத் தேடுவது காணாமற்போன நூலின் இரண்டாம் பாகத்தைத் தேடுவது போன்றது. ஆகவே ஓடாத முழுமையான வண்டியைவிட, ஓடுகிற குறைபட்ட வண்டி சில சமயம் அதிகச் செலவு வைக்கும். பொருள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது ஓட்டிப் பார்ப்பதற்கு முந்தியது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வந்துவிட்ட இந்நாளில், பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் டாங்கின் உட்புறத்தையும் தனியே கவனிக்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும்.

காகித நிலையும் நிலையே. சொந்தக்கார் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. களியக்காவிளைக்கு அப்பாலிருந்து மலிவாக வருகிற கேரளப் பதிவு வண்டிக்குத் தடையின்மைச் சான்றும் இங்கே மறுபதிவும் வரியும் உண்டு. உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அனைவரின் சம்மதம் வேண்டும். ஒருவர் துபாயிலும் ஒருவர் தூத்துக்குடியிலும் இருந்தால் வண்டியைவிட வாரிசுகளைச் சேர்ப்பதே பெரிய வேலை.

ஐம்பது வயது கடந்த வாகனங்களுக்கென்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. ஹெரால்டுகள் எல்லாம் இன்று அந்த வயதைக் கடந்துவிட்டன. ஒரு காலத்தில் செலவு குறைக்க டீசல் இன்ஜின் பொருத்திய வண்டியை இந்த விதியின் கீழ்ப் பதிவு செய்ய முடியாது. கடைச்சரக்கு ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்டிய வண்டிக்கும் அதே கதிதான். மாறாத நிலைக்கு இப்போது சட்டமே ஒரு மதிப்பு வைத்திருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அது அலட்சியப்படுத்தத் தக்கதன்று. எல்லோரும் நல்ல வண்டியையே வாங்கினால், சிதைந்தவை அனைத்தும் ஆக்கர் கடைக்குத்தானே போகும்? வசதி குறைந்த இளைஞன் ஒருவன் சிறுகச் சிறுகச் செலவழித்து ஒரு வண்டியை மீட்டெடுப்பது அழகான செயல் இல்லையா? அழகான செயல்தான். வேலையைத் தானே செய்கிறவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். அவன் விலை கொடுப்பது வண்டிக்கு அன்று, கல்விக்கு. கூலி கொடுத்துச் செய்விக்கிறவருக்கு அது பொருந்தாது. எல்லாச் சிதைந்த வண்டிகளும் மீள வேண்டும் என்பதும் இல்லை. அடிச்சட்டம் போன ஒரு ஹெரால்டு தன் கதவையும் கண்ணாடியையும் கியர்ப்பெட்டியையும் கொடுத்து மூன்று ஹெரால்டுகளை வாழவைக்கும் என்றால், அது வீண் மரணம் ஆகாது.

விற்பவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா ஓட்டிய வண்டி, அம்மையைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன வண்டி என்று கூடுதல் விலை கேட்பவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நினைவு விற்பனைக்குரிய பொருள் அல்ல. அதை விற்பவரே வைத்துக்கொள்ளட்டும். அந்த நினைவு உண்மையான பராமரிப்பாக மாறியிருந்தால் மட்டும் அதற்கு விலை உண்டு. முப்பதாண்டு ரசீதுகளைக் கோத்து வைத்த ஒரு கோப்பு, ஒரே மெக்கானிக்கின் கையெழுத்து, மாற்றிய பழைய பாகங்களை எறியாமல் வைத்திருக்கும் ஒரு தகரப்பெட்டி ஆகியவற்றைக் காட்டினால், அவர் கேட்கும் விலைக்குப் பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.

வாங்குவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு விசாரணை. இந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக் நடக்கிற தொலைவில் இருக்கிறாரா, அவருக்கு வயது என்ன, அவரிடம் வேலை பழகுகிற பையன் எவனாவது உண்டா? எழுபது வயது மெக்கானிக்கை நம்பி அறுபது வயது காரை வாங்குகிறவர் இரண்டு உயிர்களின் ஆயுளைச் சேர்த்து விலை பேசுகிறார். விலை ஒரு நாள் கொடுப்பது. நிலைக்கு ஒவ்வொரு மழைக்காலமும் கொடுக்க வேண்டும். காந்தம் ஒட்டி, ரசீது இருந்து, பையனும் இருந்தால், அதன் பிறகு துண்டுக்கடியில் விரல் பிடிக்கலாம்.