மேகராஜாவின் சாவிக்கொத்து

"சர்வர் இல்லை" என்னும் இரண்டு வார்த்தைகளுக்கு இக்காலத்தில் இருக்கும் அதிகாரம், முற்காலத்தில் திவான்களின் முத்திரைக்காவது இருந்திருக்குமா என்பது சந்தேகந்தான். சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை, என்னிடம் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய ஒரு பெண்ணும் அவளுடைய தாயாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். பெண் கல்லூரியில் சேருவதற்கு மறுநாளே கடைசி நாள். வீட்டிலிருந்த ஜாதிச் சான்றிதழ் மழையில் நனைந்து நைந்து போய்விட்டது. புதுப் பிரதி எடுக்கக் கணினி மையத்துக்கு மூன்று தடவை நடந்தாயிற்று. அரைநாள் சம்பளமும் போயிற்று. மூன்று தடவையும் மேற்படி இரண்டு வார்த்தைகளே பதில்.

"ஏனுங்க சார், அந்தச் சர்வருங்கறது எங்கீங்க இருக்குது? பஸ் ஏறிப் போயி நேர்லயே கேட்டுட்டு வந்தரலாமுங்களா?" என்றார் அந்த அம்மாள்.

இருபது வருஷ காலமாக உபாத்தியாயர் வேலை பார்த்தும், இவ்வளவு நேரான கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. நான் விழித்தேன். தமிழ்நாட்டு சர்க்காரின் தகவல் நிலையம் சென்னையில் பெருங்குடியில் இருக்கிறது. சென்னைக்கு ஏதேனும் விபத்து நேர்ந்தால் கைகொடுப்பதற்கென்று திருச்சியில் ஒரு மாற்று நிலையம் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒரு காகிதம் இன்றைய தினம் எந்த யந்திரத்தில் குடியிருக்கிறது என்று அந்தக் கணினி மையத்துப் பையனைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? வானத்தைப் பார்த்துக் கையைக் காட்டுவான். அதற்கேற்றாற்போல் இந்த ஏற்பாட்டுக்கு 'மேகம்' என்றே பெயரும் வைத்திருக்கிறார்கள். மத்திய சர்க்காரின் திட்டத்துக்கு 'மேகராஜ்' என்று பெயர். 2014-ஆம் வருஷம் பிப்ரவரியில் தேசியத் தகவலியல் மையம் அதைத் தொடங்கிற்று. தில்லி, புனே, ஹைதராபாத், புவனேஸ்வரம் ஆகிய நகரங்களில் அந்த மையத்தின் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. ஆகவே, மேகராஜா வசிப்பது வானத்திலே அல்ல. குளிரூட்டிய கட்டிடங்களில், நம்மைப் போல் மின்சாரத்தை நம்பித்தான் அவரும் காலம் தள்ளுகிறார்.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தை விளங்க வைப்பது வெகு சுலபம். நம் ஊரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் சாயப்பட்டறையும் சொந்தமாக வைத்திருக்கிறார்கள்? நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் வேறிடம், எம்பிராய்டரி இன்னோரிடம். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி, சலான் போட்டுத் துணியை அனுப்பிவிடுகிறோம். ஆர்டர் அதிகமானால் அதிகத் துணி போகும். ஆர்டர் இல்லாத மாதத்தில் யந்திரம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை. மேகக் கணிமை என்பது இந்த ஜாப் ஒர்க்தான். ஒவ்வொரு இலாகாவும் தனித்தனியே யந்திரம் வாங்கித் தூசி படிய வைப்பதற்குப் பதிலாக, ஒரு பெரிய நிலையத்தில் வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்த மட்டுக்கும் கணக்குத் தீர்க்கும் முறை. பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் லட்சக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் கதவைத் தட்டுகிறார்கள். மறுவாரம் ஓர் ஈ, காக்கை கிடையாது. அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுவதும் பெரிய யந்திரம் வைத்துக்கொண்டிருப்பது புத்திசாலித்தனமாகுமா? ஆகையால் சர்க்கார் இந்த முறைக்குப் போனது சரியே என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஜாப் ஒர்க்கின் மறுபக்கத்தையும் திருப்பூரைப் போல் அனுபவித்தவர்கள் கிடையாது. 2011 ஜனவரியில் நொய்யலைக் கெடுத்த கழிவுநீருக்காகச் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டபோது, 700-க்கும் அதிகமான பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. நதியைப் பொறுத்தவரை அது நியாயமான தீர்ப்பு. இருந்தாலும், சாயத்துக்குப் போன துணியோடு கப்பல் தேதியை எண்ணிக்கொண்டிருந்தவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன.

அதே முகத்தை 2025 ஜூலையில் குஜராத்திலே பார்த்திருக்கலாம். வாடினாரில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா கம்பெனியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் மேல் ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனிக்கு அளித்துவந்த சேவைகளை நிறுத்திற்று. காசு கொடுத்து வாங்கிய சேவை. இந்தியச் சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் கடிதங்கள் இருந்த அறைக்குப் பூட்டு விழுந்துவிட்டது. கம்பெனி தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. சில நாட்களில் சேவை திரும்பவும் வந்தது. ஒரு கம்பெனிக்கு நேர்ந்தது ஒரு மந்திரி காரியாலயத்துக்கு நேர்ந்தால்?

"இதற்குத்தான் சுதேசி வேண்டும் என்கிறோம்" என்று நேயர்கள் சொல்வது காதில் விழுகிறது. அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமையிடமாக இருந்த ஊர். குமரன் 1932-ல் கொடியைப் பிடித்தபடி தடியடி பட்டு விழுந்த ஊர். இங்கே அதை மறுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. பேச விருப்பமும் இல்லை. மத்திய சர்க்கார் சிப்பந்திகள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் நம் தமிழ்நாட்டு ஸோஹோ கம்பெனியின் தளத்துக்கு மாறியிருப்பதைப் படித்தபோது எனக்கும் மார்பு சற்று விரிந்தது. ஆனால் சுதேசி என்ற ஒரே காரணத்தால் நிம்மதியாகத் தூங்கிவிடலாமா?

தென்கொரியாவின் கதையைக் கேளுங்கள். அங்கே எல்லாம் சுதேசிதான். சர்க்காரின் சொந்தக் கட்டிடம், சொந்தச் சிப்பந்திகள். 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி, டேஜான் நகரத் தகவல் நிலையத்தில் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பற்றியது. 709 சர்க்கார் சேவைகள் ஸ்தம்பித்தன. உத்தியோகஸ்தர்கள் தங்கள் வேலைக் காகிதங்களைச் சேமித்து வைக்கும் 'ஜி-டிரைவ்' என்ற பொதுக் களஞ்சியம் அடியோடு சாம்பலாயிற்று. அதற்கு வெளியே ஒரு பிரதி கிடையாது! அளவு மிகப் பெரிது, ஆகையால் பிரதி எடுக்கவில்லை என்றார்கள். மேஜைக் கணினியில் எதையும் வைக்காதே, எல்லாவற்றையும் பொதுக் களஞ்சியத்தில் போடு என்ற விதியைச் சிரத்தையாக அனுசரித்த இலாகாவுக்குத்தான் நஷ்டம் அதிகம். ஒழுங்காக வீட்டுப்பாடம் எழுதிய பையனுக்கே அடி விழுந்தாற்போல ஆயிற்று.

உக்ரேனில் நடந்தது இதற்கு நேர்மாறு. சர்க்கார் தஸ்தாவேஜுகள் நாட்டின் எல்லைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை நுழைவதற்குச் சில நாட்கள் முன்புதான் பார்லிமெண்டு அதைத் தளர்த்தியது. பிறகு சூட்கேஸ் அளவுள்ள பெட்டிகள் போலந்து வழியாக வந்தன. நிலப் பத்திரமும் வரிக் கணக்கும் அவற்றில் ஏறி வெளிநாட்டு யந்திரங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சொந்த வீட்டில் குண்டு விழும்போது அயல் வீட்டுப் பெட்டிதான் காப்பாற்றிற்று.

ஆகவே 'யாருடைய வீடு' என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், சாவி யாரிடம், மறுபிரதி எங்கே என்றும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. தஸ்தாவேஜைச் சங்கேத லிபியாக மாற்றி, மாற்றும் சாவியை நம்மிடமே வைத்துக்கொண்டால், வீட்டுக்காரர் எந்நாட்டவரானாலும் அவர் பார்ப்பது வெறும் கிறுக்கல்தான். ஆனால் இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பூட்டிய மூட்டையைக் காவல் காக்கலாமே ஒழிய, மூட்டைக்குள் இருக்கும் துணிக்குச் சாயம் போட முடியாது. கணக்குப் போடுவதற்கு யந்திரம் பெரும்பாலும் மூட்டையை அவிழ்த்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஆகையால் சில துணிகளை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பவே கூடாது.

ராணுவம் அந்த ரகம். நமது தரைப்படை 2015-ல் தனக்கென்றே ஒரு மேகத்தை அமைத்துக்கொண்டது; அப்போது பாதுகாப்பு மந்திரியாக இருந்த மனோகர் பாரிக்கர் அதைத் தொடங்கிவைத்தார். தில்லியில் நிலையம், பழுது நேர்ந்தால் மாற்று நிலையம் என்பது அதன் ஏற்பாடு. அமெரிக்காவோ கம்பெனிகளிடம் கொடுத்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் ஒன்றுக்கே கொடுத்த ஒப்பந்தத்தை 2021-ல் ரத்து செய்து, 2022 டிசம்பரில் நான்கு கம்பெனிகளுக்குப் பிரித்தளித்தது. அப்படியும் 2025 ஜூலையில் ஒரு விசித்திரம் வெளிவந்தது. அமெரிக்க ராணுவ இலாகாவின் மேகத்தைப் பழுது பார்க்க உதவிய இன்ஜினீயர்கள் சிலர் சீனாவில் உட்கார்ந்திருந்தார்களாம்! அவர்கள் சொல்லும் கட்டளையை யந்திரத்தில் இட ஓர் அமெரிக்கக் காவலர் உண்டு. ஆனால் கட்டளையின் சூட்சுமம் பல காவலர்களுக்குப் புரியாது. பட்டறைக்குக் காவலாக அனுப்பிய பையனுக்கு நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கதைதான். செய்தி வந்த பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை நிறுத்திற்று.

மாற்று நிலையம் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதினால் போதாது. வருஷத்துக்கு ஒரு நாளாவது பெரிய நிலையத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, மாற்று நிலையம் ஊரைச் சுமக்கிறதா என்று பார்த்து, பார்த்ததை ஜனங்களுக்கும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே நாங்கள் தீயணைப்பு ஒத்திகை நடத்துகிறோமே!

இதையெல்லாம் என் பழைய மாணவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் சிறிய ஏற்றுமதிக் கம்பெனி நடத்துகிறார். "நம்ம கணக்கெல்லாம் மேகத்துலதானுங்க சார் இருக்குது" என்றார் பெருமையாக. "இன்னொரு பிரதி?" என்றேன். அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணின் விஷயம் கேட்க நேயர்களுக்கு ஆவலாக இருக்கும். மறுநாள் காலை பத்து மணிக்குச் சர்வர் வந்துவிட்டது. மாலைக்குள் அவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். தாயார் மிட்டாய்ப் பொட்டலத்தோடு சொல்ல வந்திருந்தார்.

"சான்றிதழை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நாலு பிரதி எடுத்துட்டனுங்க சார். ஒண்ணு ஊட்டுல, ஒண்ணு பாப்பா போன்ல. இன்னொண்ணு கோபியில என்ற தம்பி ஊட்டுப் பீரோவுல வெச்சிருக்கறனுங்க. இது உங்களுக்கு" என்று ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.