குளக்கட்டும் கூட்டத்தில் ஓர் இடமும்



ஹல்துமுல்லை என்றதும் தேயிலை மலைகளும், 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மண்சரிவில் புதையுண்ட மீரியபெத்தையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இந்த மலை தெற்கே சரிந்து இறங்கும் பக்கத்தில் வயல்களும் உண்டு. மழை பிந்தினால் அந்த வயல்களுக்குச் சேர்த்து வைத்த தண்ணீரே துணை. வன்னிச் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல, அங்கேதான் குளத்தோடும் வயலோடும் வாழப் பழகின.

சிறு குளம் என்றால் மூன்று விடயங்கள்: தண்ணீரைத் தாங்கும் மண்கட்டு, வயலுக்குத் திறந்துவிடும் துருசு, மிஞ்சிய நீர் வெளியேறும் வான். மண்கட்டு ஒரே நாளில் பழுதாவதில்லை. கறையான் புற்று, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் விட்ட துவாரம் என்று சிறிதாகத்தான் தொடங்கும். கட்டின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்து வர வேண்டும். கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். உடனே அறிவிக்க வேண்டும். கூடுதலாக நீர் தேக்கும் ஆசையில் வானை மண்மூட்டையால் அடைப்பது மிக ஆபத்தானது. பெருமழையில் நீர் கட்டின் மேலால் பாய்ந்தால் மண் நிற்காது. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது பெரிய குளம்தான். ஆனால் சிறு குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக இருப்பதால், மேலே ஒன்று உடைந்தால் கீழுள்ளவற்றுக்கும் ஆபத்து.

விறகுக்கும் குளிக்கவும் மாடு சாய்க்கவும் அன்றாடம் கட்டில் நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. கசிவை முதலில் காண்பதும் அவர்களே. ஆனால் போகத் தொடக்கத்தில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அவர்களின் குரல் எத்தனை தடவை கேட்கிறது? முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, எவ்வளவு நிலம் விதைப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. கணவரை இழந்தவர், கணவர் காணாமற்போனவர், காணி இன்னும் அவர் பெயரிலேயே இருப்பவர் எனப் பலர் ஒதுங்கி நிற்பதை எனது வேலையில் அடிக்கடி காண்கிறேன். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராதபோது அவர்கள் யாரிடம் முறையிடுவது?

80 ஹெக்டயர் வரை நீர் பாய்ச்சும் குளங்கள் சிறு குளங்கள் எனப்படும். இவற்றைப் பொதுவாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்பும் பராமரிக்கின்றன. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் விவசாயக் காணிப் பதிவேடு வைக்கப்படுகிறது. உங்கள் வயல் யார் பெயரில் பதியப்பட்டுள்ளது, செய்கை பண்ணும் உங்கள் பெயரைச் சேர்க்க என்ன ஆவணம் வேண்டும் என்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். கமக்காரர் அமைப்பில் அங்கத்தவராகுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் நாலு பேர் சேர்ந்து போங்கள்.

தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அருகிலுள்ள வயலை மட்டும் எல்லோரும் பங்கிட்டு விதைக்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. சிங்களத்தில் அதை ‘பெத்ம’ என்பர். பங்கு பிரிக்கும் இடத்தில் நாம் இல்லாவிட்டால், நமது பங்கை யார் நினைப்பார்?

மழைக்கு முன் கட்டைப் பார்ப்போம். கூட்டத்துக்கும் போவோம்.