காணாமற்போன மூன்றாம் வகுப்பு

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்துள்ளது ஸ்ரீவராகம். திருமாலின் வராகத் திருக்கோலத்திற்குரிய கோயிலும் அதன் பெரிய குளமும் இவ்வூருக்குப் பெயரும் அழகும் தந்தவை. சாலைக் கடைத்தெரு ஒரு பக்கம். பூந்துறைக் கடற்கரை மற்றொரு பக்கம். வணிகம், கைத்தொழில், அரசுப்பணி ஆகியவற்றின் பொருட்டு நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் வாழ்கின்றன. 2020ஆம் ஆண்டு ஜூலை 6 முதல் 'டிரிபிள் லாக்டவுன்' எனப்பட்ட கடும் ஊரடங்கு இம்மாநகரில் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் கொரோனா சமூகப் பரவலாகிவிட்டது என முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார்.

பள்ளிகளோ அதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே அடைக்கப்பட்டிருந்தன. 2021 நவம்பர் 1 அன்றுதான் கேரளத்தின் தொடக்க வகுப்புக் குழந்தைகள் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தனர். இடையில் கழிந்தவை ஏறத்தாழ இருபது மாதங்கள். 2020 மார்ச்சில் இரண்டாம் வகுப்பில் அமர்ந்திருந்த குழந்தை, அடுத்த முறை பள்ளி இருக்கையில் அமர்ந்தபோது நான்காம் வகுப்பு மாணவராகிவிட்டது. மூன்றாம் வகுப்பறையை அக்குழந்தை கண்ணாலும் காணவில்லை.

மூன்றாம் வகுப்பு எளிதில் தாண்டிச் செல்லத்தக்க படியன்று. முதலிரண்டு வகுப்புகளில் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிறது. மூன்றாம் வகுப்பில்தான் தானே படித்துப் பொருள் உணரும் திறன் முளைவிடுகிறது. அதன்பின் வரும் வரலாறு, அறிவியல், கணக்கு யாவும் அத்திறன்மேல் எழுப்பப்படுபவை.

அக்காலத்தில் அரசுகள் கைகட்டி நிற்கவில்லை. கேரளம் 2020 ஜூன் 1 முதல் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளை நடத்தியது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. இவை பாராட்டுக்குரிய முயற்சிகள். ஆயினும் தொலைக்காட்சியால் பேச முடியும், கேட்க முடியாது. 'ழ'கரத்தை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி எழுதுகிறாய் என்று குழந்தையின் விரலைப் பிடித்துத் திருத்த அதற்குக் கை இல்லை.

புலம்பெயர்ந்த தமிழர் பிள்ளைகளுக்கு இவ்விழப்பு இரட்டிப்பாயிற்று. இவர்களுக்கு வீட்டில் தமிழ்ப்பேச்சு உண்டு. தெருவில் மலையாளம் உண்டு. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் உண்டு. தமிழ் எழுத்து மட்டும் வாரத்தில் சில பாடவேளைகளில் நடக்கும் விருப்பப்பாட வகுப்பை நம்பியிருந்தது. நேரம் குறுகும்போது முதலில் கைவிடப்படுவது விருப்பப்பாடமே. ஆகவே பேச்சு நிலைத்தது, எழுத்து நழுவியது. ('பனி' என்னும் சொல்லைக் கேட்டால் தமிழ்நாட்டுக் குழந்தைக்கு மார்கழிக் காலை நினைவுக்கு வரும். மலையாளத்தில் அச்சொல் காய்ச்சலைக் குறிக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் ஸ்ரீவராகத்துத் தமிழ்க் குழந்தைகளுக்கு எந்தப் பொருள் முந்தியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.)

வேறொரு இடரும் நேர்ந்தது. ஊரடங்கில் தொழில் இழந்த குடும்பங்கள் பல களியக்காவிளையைக் கடந்து சொந்த ஊருக்குத் திரும்பின. சில குடும்பங்களின் பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டிலேயே தங்கிவிட்டுப் பின்னர் மீண்டனர். தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் வாழும் தெருவிலேயே, மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை தன்னார்வலர்கள் கற்பித்தனர். மாதந்தோறும் 1000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்று இப்பணியில் ஈடுபட்டோருள் பெரும்பாலோர் பெண்கள். திண்ணையும் கோயில் மண்டபமும் மரத்தடியும் வகுப்பறைகளாயின. பெருந்தொற்றுக்குப் பின் இந்தியாவில் வகுக்கப்பட்ட கல்வி மீட்புத் திட்டங்களுள் இது சிறந்த ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த மாநிலத் திட்டமும் அம்மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. இல்லம் தேடி வந்த கல்வி, எல்லை தாண்டிய இல்லத்தைத் தேடி வரவில்லை. கேரளத்தின் மீட்பு முயற்சிகளோ இயல்பாகவே மலையாளத்தை மையமாகக் கொண்டிருந்தன. இரண்டு குடைகளுக்கு நடுவே நின்ற பிள்ளைகள் நனைந்தனர்.

"அதெல்லாம் பழங்கதை, ஆண்டுகள் கடந்துவிட்டன, பிள்ளைகள் தாமாகவே தேறியிருப்பர்" என்று கூறுவோர் உளர். அவர்கள் சான்றாகக் காட்டக்கூடிய எண்களும் உள்ளன. இந்திய ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் 27.3 விழுக்காட்டினர். 2022இல் இது 20.5 விழுக்காடாகக் குறைந்தது. 2024இல் மீண்டும் 27.1 விழுக்காடாக உயர்ந்தது. பள்ளம் நிரம்பிவிட்டதுபோலத் தோன்றும். இங்கேதான் கூர்ந்து நோக்கவேண்டும். 2024இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள், பள்ளிகள் அடைபட்டபோது மழலைகளாக இருந்தவர்கள். மூன்றாம் வகுப்பை இழந்த பிள்ளைகளோ அதற்குள் ஏழாம் வகுப்புக்குச் சென்றுவிட்டனர். மூன்றாம் வகுப்பு தேறிவிட்டது. அதை இழந்தவர்கள் தேறினார்களா என்பதற்கு அவ்வெண் விடை தருவதில்லை.

அவ்வாறு தாமாகத் தேறிவிடுவதில்லை என்பதற்கு அண்டை நாட்டில் ஒரு சான்று உண்டு. 2005 அக்டோபர் 8 அன்று வட பாகிஸ்தானை நிலநடுக்கம் உலுக்கியது. பள்ளிகள் ஏறத்தாழ 14 வாரங்கள் அடைபட்டன. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது வீடுகள் மீண்டும் கட்டப்பட்டிருந்தன. பிள்ளைகளின் உடல்நலமும் பெரும்பாலும் மீண்டிருந்தது. ஆனால் நிலப்பிளவுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள் படிப்பில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருந்தனர். பள்ளி இல்லாமற்போன காலத்தைவிடப் பின்னடைவு பெரிதாக இருந்தது. திறந்த பள்ளிகள் விட்ட இடத்திற்குத் திரும்பிச் செல்லாமல் அந்தந்த வகுப்பின் பாடத்தையே தொடர்ந்து நடத்தியிருக்கவேண்டும் என்பது பொருத்தமான விளக்கம். அடித்தளம் புரியாத பிள்ளை ஒவ்வொரு நாளும் இன்னும் சிறிது பின்னே செல்கிறது. அவ்வாய்வு கண்ட மற்றொரு செய்தி: தொடக்கக் கல்வியை முடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு காணப்படவில்லை. எளிய படிப்புடைய ஒரு தாய், அரசுத்திட்டம் செய்ய இயலாததைச் செய்திருக்கிறாள்.

ஆதலால் பள்ளிகள் முதலில் செய்யத்தக்கது, மாணவர் எந்த வகுப்பில் இருக்கிறார் என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, எந்த அளவு படிக்கிறார் என்று அறிவதே. ஒரு பத்தியைக் கொடுத்துத் தனியே படிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பு மாணவர் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பது குற்றமாகாது. அதைக் கேட்டுப் பக்கத்து இருக்கையினர் நகைக்குமாறு விடுவது குற்றம். தேர்வின்றித் தேர்ச்சி அளித்தது அக்காலத்திற்கு ஏற்ற இரக்கம். ஆனால் தேர்ச்சி அளித்ததோடு கடமை முடிந்தது எனக் கருதியது சோம்பல் என்றே கொள்ளவேண்டும்.

மற்றொன்று தெருவில் செய்யத்தக்கது. கேரளத்தில் ஊர்தோறும் நூலகங்கள் உள்ளன. மாலை ஒரு மணி நேரம், மேல்வகுப்புத் தமிழ் மாணவர் இருவர், சிறுவர் பத்துப்பேர், ஒரு பாய், சில கதைநூல்கள் ஆகியவை போதும். ஸ்ரீவராகத்தில் இதற்கு இடமா இல்லை? கற்பிக்கும் மூத்த மாணவர்க்கும் இதனால் ஊதியம் உண்டு. தாம் இழந்த மூன்றாம் வகுப்பை வெட்கமின்றி மீண்டும் படிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. வீட்டில் அம்மாவோ பாட்டியோ தமிழ் நாளிதழைப் படிக்கத் தெரிந்தவரானால், நாள்தோறும் ஒரு செய்தியை அவரிடம் உரக்கப் படித்துக் காட்டலாம். பிழையைத் திருத்த அவருக்குப் பட்டம் தேவையில்லை.

நூலக இயக்கத்தின் தலைவர் பி. என். பணிக்கரின் நினைவுநாளான ஜூன் 19, கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பள்ளி மண்டபத்து மேசைமேல் மலையாளம், இந்தி, ஆங்கில நூல்களோடு நான்கு தமிழ் நூல்களும் இடம்பெறவேண்டும். அவற்றைத் தேடி நாகர்கோவிலுக்குப் போகவேண்டுவதுமில்லை. சாலையிலேயே அரசுத் தமிழ்ப் பள்ளி ஒன்று இருக்கிறது. கேட்டால் இரவல் தராமலா போவார்கள்?