நாணயத்துக்கு நாணயம் உண்டா?

படவேடு ரேணுகாம்பாள் அம்மன் கோவிலுக்குப் பெயர் பெற்றது. அதை அடுத்த ஆரணி, பட்டுக்குப் பெயர் பெற்றது. பாவு வாங்கி, நாள் கணக்கில் தறியில் உட்கார்ந்து, புடவையை முடித்துக் கொடுத்தால்தான் நெசவாளிக்குக் கூலி. அந்தக் கூலிதான் வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளுக்குப் படிப்பு. அது எந்த உருவில் வந்தாலும், குறையாமல் வந்து சேர வேண்டும்.

இன்று பணம் செல்போனிலும் வருகிறது. 2016-ல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், ஒருவர் பாங்கிக் கணக்கில் இருந்து இன்னொருவர் கணக்குக்குப் பணம் உடனே போகிறது. அனுப்புகிறவருக்குக் கட்டணம் இல்லை.

இப்போது இன்னொரு புதுமை வருகிறது. அதன் பெயர் "ஸ்டேபிள்காயின்". "நிலை நாணயம்" என்று சொல்லலாம்.

அது என்ன?

ஒரு கம்பெனி ஒரு டாலரை வாங்கிக்கொள்கிறது. அதற்கு ஈடாக, கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு நாணயம் தருகிறது. "நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தால் டாலரைத் தருவோம்" என்பது கம்பெனியின் வாக்கு.

யாரிடம் எத்தனை நாணயம் என்ற கணக்கு ஒரே இடத்தில் இருக்காது. பல கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி எழுதப்படும். ஒரு பக்கம் அடுத்த பக்கத்தோடு பின்னப்பட்டிருக்கும். நெய்து முடித்த சேலையின் நடுவே ஓர் இழையை மட்டும் மாற்ற முடியுமா? அதுபோலப் பழைய கணக்கைத் திருத்துவதும் கடினம். இதுதான் "பிளாக்செயின்".

பழைய பிளாக்செயின்களில், கூட்டம் அதிகமானால் கட்டணம் பல டாலர் ஏறிவிடும். கால் கிலோ கத்தரிக்காய் வாங்க அது உதவுமா? ஆகவே, அன்றாடச் செலவுக்கு என்றே புதிய வலைகள் வருகின்றன. அமெரிக்காவின் சர்க்கிள் கம்பெனி "ஆர்க்" என்ற வலையையும், ஸ்டிரைப் கம்பெனி "டெம்போ" என்ற வலையையும் 2025-ல் அறிவித்தன. சில வினாடிகளில் பணம் சேர வேண்டும், கட்டணம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

நல்ல நோக்கம்தான். ஆனால் வாக்கு தவறினால்?

ஒரு டாலர் சில காசு ஆனது!

2022 மே மாதம் "டெர்ரா" என்ற நாணயம் சரிந்தது. அதன் பின்னால் ரொக்கம் இல்லை; வெறும் கணக்குத் தந்திரமே இருந்தது. ஒரு டாலர் என்று நம்பி வாங்கியது சில சென்ட் ஆயிற்று. ரொக்கம் வைத்திருந்த சர்க்கிள் கம்பெனியின் நாணயமும் 2023 மார்ச்சில் ஆட்டம் கண்டது. அதன் பணத்தில் 330 கோடி டாலர், மூடப்பட்ட ஒரு பாங்கியில் சிக்கியதே காரணம். சில நாளில் அது நிமிர்ந்தது. அந்தச் சில நாள், கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

இந்தியாவில் இந்த நாணயங்கள் சட்டப்படி செல்லும் பணம் அல்ல. இவற்றை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ரிசர்வ் பாங்கி 2022 டிசம்பர் 1-ந் தேதி சோதனையாக வெளியிட்ட "டிஜிட்டல் ரூபாய்" வேறு. அதற்குப் பொறுப்பு ரிசர்வ் பாங்கியே.

செய்ய வேண்டியது

கடல் கடந்து உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கட்டணம் கடிப்பது உண்மை. புது நாணயத்துக்கு அங்கேதான் கிராக்கி. 2023 பிப்ரவரியில் நம் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் "பேநவ்" முறையும் இணைக்கப்பட்டன. அந்தப் பாலம், தமிழர் உழைக்கும் நாடுகளுக்கெல்லாம் விரைவில் நீள வேண்டும். அது அரசின் கடமை.

மக்களின் கடமை ஒன்று உண்டு. புது நாணயத்தை யார் நீட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குப் பொறுப்பு யார்? கேட்ட அன்றே முழு ரூபாயாகக் கிடைக்குமா? தவறான இடத்துக்குப் போய்விட்டால் மீட்டுத் தருவது யார்?

மூன்றுக்கும் நேரான பதில் இல்லையா? கூலியை ரூபாயாகவே வாங்குங்கள்!