கலமும் பொறியும்

இலக்சபானா நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மலைமேல் தேக்கிய நீர் குழாய்வழியே இறங்கிச் சுழலியைத் திருப்ப, மின்சாரம் பிறக்கின்றது. இதனை மனித மதியின் வெற்றியென நாம் போற்றுகின்றோம், போற்றுதல் தகும். ஆயின், இதனையொத்த உபாயமொன்று நம் உடம்பிலுள்ள மிகப் பெரும்பாலான கலவகைகளில் ஓயாது நடைபெறுவதை நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்துள்ளோம்?

கலத்தினுள் இழைமணி என்னும் புன்னங்கம் உண்டு. உணவின் சக்தியைக் கொண்டு அது ஐதரசன் அயன்களை ஒரு மென்சவ்வின் மறுபுறத்தே தேக்குகின்றது. அவை மீளும் வழியில் ஒரு புரதப் பொறி நிற்கின்றது. மீளும் விசையால் அதன் நடுத்தண்டு சுழல, ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.ரீ.பீ. மூலக்கூறுகள் உருவாகின்றன. கலத்தின் பெரும்பாலான தொழில்களுக்குச் செலவாகும் நாணயம் இதுவே. இத்தேக்கத்தைப் பற்றிப் பீற்றர் மிற்செல் 1961இல் எடுத்துரைத்தபோது அறிஞர் பலர் ஏற்றிலர். 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தண்டின் சுழற்சியை யப்பானிய ஆய்வாளர் 1997இல் நுணுக்குக்காட்டி வாயிலாகக் கண்ணாரக் கண்டனர்.

அங்ஙனமாயின் உயிர் வெறும் பொறிதானோ என வினவுவார்க்கு நாம் கூறுவது இது: ஒப்புமை மெய்; முற்றொப்புமை அன்று. சுழலி தேய்ந்தால் பொறியியலாளர் அதனை நிறுத்திப் பழுதுபார்ப்பர். கலமோ தொழிலை நிறுத்தாமலே தன் உறுப்புக்களைக் களைந்து புதுக்குகின்றது. தன்போன்ற பிறிதொன்றையும் ஆக்குகின்றது. தன்னைத்தானே ஈனும் மின்நிலையத்தை எவரும் கட்டினாரல்லர்.

ஒப்பும் வேற்றுமையும் ஒருங்கே காணும் கண் நம் மாணவர்க்கு வாய்க்கின்றதா? உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவினர் உயிரியலைக் கல்லாமலே செல்கின்றனர். உயிரியற் பிரிவினர் பலர் பௌதிகமும் கற்கின்றனர். எனினும் சுழலியை ஒரு கொப்பியிலும் இழைமணியை மற்றொரு கொப்பியிலும் எழுதி, பரீட்சையோடு இரண்டையும் மூடிவிடுகின்றனர். மிற்செல் போன்றார் கண்ட உண்மை இவ்விரு கொப்பிகளுக்கும் இடையிலன்றோ கிடந்தது!

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் நாம் வேண்டுவது ஒன்று. கல்லூரியின் விஞ்ஞானக் கழகம் இரு பிரிவு மாணவரையும் மாதமொருமுறை ஒரே மேசையில் அமர்த்துக. வைத்தியராயும் பொறியியலாளராயும் விளங்கும் பழைய மாணவர் அங்கு ஒருங்கே வந்து உரையாடுக. கல்லூரிக்குப் புதிய கட்டடம் எழுப்புதல் நன்றே. இச்சுவரை இடித்தல் அதனினும் நன்று.