பூச்சுக்குள் புதைந்த பொய்

புதிய வண்டி என்று சொல்லி, அடிபட்டுச் சீர்செய்யப்பட்ட வண்டியை விற்பது களவு. இதனை வணிகத் திறமை என்பர் சிலர். உலக வழக்கு என்பர் வேறு சிலர். எப்பெயர் இட்டு அழைத்தாலும் அது ஏழாம் கட்டளையை மீறுகிறது. உடன் எட்டாம் கட்டளையையும் மீறுகிறது. இவ்வளவு வெளிப்படையான ஓர் உண்மையை நம் மக்கள் முன் வாதிட்டு நிறுவவேண்டிய நிலை வந்துவிட்டதே என்பதுதான் நம் வருத்தம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை கார் என்பது மிகச் சிலரின் உடைமை. இன்றோ, சின்ன வெங்காயம் விற்றுச் சேர்த்த பணத்திலும், வெளிநாட்டில் உழைக்கும் மகன் அனுப்பிய பணத்திலும், சிமெண்ட் ஆலைச் சம்பளத்தைக் காட்டிப் பெற்ற வங்கிக் கடனிலும் கார் வாங்குகின்றனர். வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பதற்கென்றே வாங்குவோரும் உளர். வண்டியை எடுத்ததும் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்குக் கொண்டுசென்று மந்திரித்த பின்னரே வீட்டு வாசலில் நிறுத்துவோர் பலர். அந்த வண்டியின் கதவிலோ பானெட்டிலோ பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த தழும்பு ஒன்று ஒளிந்திருக்குமானால், தெளிக்கப்பட்ட தீர்த்தம் ஒரு பொய்யின் மீதன்றோ விழுந்தது?

ஆலையிலிருந்து வண்டிகள் லாரிகளில் பல நூறு மைல் வருகின்றன. ஏற்றும்போதோ இறக்கும்போதோ ஏதேனும் ஒன்றில் இடிப்பதும் நசுங்குவதும் நேரக்கூடியவையே. விற்பனைக்கூடத்துக்குள் நகர்த்தும்போதும் கீறல் விழலாம். இவை விபத்துகள், பாவங்கள் அல்ல. டிங்கரிங் செய்து சீர்ப்படுத்துவதும் பாவமன்று. சீர்செய்த செய்தியை விழுங்கிவிட்டு, முழு விலையைக் கேட்கும் அந்த நொடியில்தான் பாவம் பிறக்கிறது.

இம்மறைப்பு ஓர் ஊழியரின் தனிச் செயலாக மட்டுமன்றி, ஒரு நிறுவனத்தின் விதியாகவே இருக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்று சான்று. 1990-ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் கோர் என்னும் மருத்துவர் புத்தம் புதிய பி.எம்.டபிள்யூ கார் ஒன்றை 40,750 டாலருக்கு வாங்கினார். ஒன்பது மாதங்கள் ஓட்டினார். குறை எதுவும் தெரியவில்லை. மெருகேற்றக் கொடுத்த இடத்தில்தான் வண்டிக்கு மறுபூச்சு அடிக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. ஜெர்மனியிலிருந்து கொண்டுவரும் வழியில், அமில மழையால் என்று கருதப்படும் சேதம் நேர்ந்து, 601 டாலர் செலவில் மீண்டும் பூசியிருந்தனர். சீர்செய்யும் செலவு விலையில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டாவிட்டால், விற்பனையாளருக்கும் தெரிவியாமல் புதியதாகவே விற்கலாம் என்று அந்நிறுவனம் 1983 முதல் விதி வகுத்திருந்தது. 300 டாலருக்கு மேல் செலவிட்டுச் சீர்செய்யப்பட்ட 983 கார்கள் இவ்வாறு விற்கப்பட்டதும் வழக்கில் வெளிவந்தது.

1992-இல் நடுவர் குழு 4,000 டாலர் இழப்பீடும் 40 லட்சம் டாலர் தண்டத்தொகையும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டத்தொகையைப் பாதியாக்கியது. 1996-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுவும் அளவுக்கு மிஞ்சியது என்று தள்ளியது. இறுதியில் அது 50,000 டாலராகக் குறைந்தது. இதைக் காட்டி, பேராசைக்காரர் ஒருவரின் வழக்கு என்று நகைப்போர் உண்டு. நீதிமன்றம் மறுத்தது தண்டத்தின் அளவைத்தான். மறைத்தது சரி என்று அது கூறவில்லை. மேலும், நடுவர் குழுவின் தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே, எவ்வளவு சிறிய சீரமைப்பையும் தெரிவிப்பது என்று அந்நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது. ஒன்பது ஆண்டுகள் இயலாதிருந்த உண்மை சில நாள்களில் இயன்றுவிட்டது! அதனால் அந்நிறுவனத்தின் வணிகம் அழிந்துவிடவுமில்லை.

இனி, மறைப்போர் கூறும் நியாயங்களைப் பார்ப்போம்.

"கண்ணுக்கே தெரியாத குறையால் யாருக்கு என்ன நட்டம்?" என்பது முதல் நியாயம். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த வண்டியை உரிமையாளர் விற்கப் போகட்டும். வாங்க வருபவர் பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார். இந்தக் கதவு அடிபட்டது என்பார். ஒருநாளும் எங்கும் இடிக்காத மனிதர், இடித்துவிட்டு மறைப்பவராக அங்கே நிற்பார். விலை குறைவது ஒருபுறம். விற்றவரின் பொய் வாங்கியவரின் தலையில் ஏறுவது மறுபுறம். இது நட்டமில்லையா? பூச்சுக்கு அடியில் சட்டமே வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால், அடுத்த விபத்தில் உயிரும் பணயமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமையே அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. நூற்றுக்கு மூன்று சிறியதா பெரியதா என்று சொல்லவேண்டியவர் பணம் கொடுப்பவரேயன்றிப் பணம் வாங்குபவர் அல்லர்.

"சொன்னால் யார் வாங்குவார்?" என்பது இரண்டாம் நியாயம். புனித தோமா அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே தம் இறையியல் பெருநூலில் இதற்கு விடை கூறினார். விற்கும் பொருளின் குறையைச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேள்வி எழுப்பி, நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென்றும், இடிந்துவிழும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பதை ஏமாற்று என்று தீர்க்கிறார். ஒற்றைக் கண் குதிரையின் குறை பார்த்தவுடன் தெரியும். விலையைத் தக்கபடி குறைத்தால் போதும். மறைந்திருக்கும் குறையையோ சொல்லியே ஆகவேண்டும். அதைத் தண்டோரா போட்டு ஊரெல்லாம் அறிவிக்கவேண்டியதில்லை. வாங்க வருபவரிடம் சொன்னால் போதும் என்கிறார். எவ்வளவு நியாயமான எதிர்பார்ப்பு! "இந்த வண்டியின் பின்கதவு நசுங்கிச் சீர்செய்யப்பட்டது, அதனால் இவ்வளவு குறைத்துத் தருகிறோம்" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? அறியாமல் விற்றவரும், பின்பு அறியவந்தால் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்பதையும் அவர் சேர்த்தே கூறுகிறார். "எங்களுக்கும் தெரியாது" என்று கைகழுவும் விற்பனையாளருக்கு இது போதிய பதில்.

"எல்லாரும் செய்வதுதானே!" என்பது மூன்றாம் நியாயம். ஆமோஸ் இறைவாக்கினர் காலத்திலும் மரக்காலைச் சிறிதாக்கி, பதரைக் கோதுமையோடு விற்றவர்கள் இதையே சொல்லியிருப்பர். பிறர் பொருளையும் தம் பொருளாகக் கருதுவதே வணிகரின் அறம் என்று வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தில் வரையறுத்தார். பலர் கூடிச் செய்வதால் பாவம் பங்கிடப்பட்டுக் குறைவதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. புதுப்பிக்கப்பட்ட, பழைய பொருளைப் புதியதெனக் காட்டுவது நேர்மையற்ற வணிகமுறை என்று 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகின்றன. திருச்சியிலோ தஞ்சையிலோ வாங்கியிருந்தாலும், தாம் வாழும் மாவட்டத்திற்குரிய குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

எனினும் சட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. 2011-இல் கோவாவில் புதிய கார் கேட்டவருக்கு, 2009-இல் தயாராகி ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய வண்டி விற்கப்பட்ட வழக்கில், தயாரிப்பாளர் அதை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அறிந்து மறைத்தாரா என்பதை நீதிமன்றம் சாட்சி கேட்டே முடிவு செய்யும். மனச்சான்றுக்குச் சாட்சி தேவையில்லை. பட்டி தேய்த்த கை அறியும். பில் போட்ட கை அறியும். சாவியைக் கொடுத்துப் பூங்கொத்து நீட்டிய கையும் பல வேளைகளில் அறியும்.

அந்தக் கைகளுள் நம் பங்கு மக்களின் கைகளும் உண்டு. உலகக் காரியங்களை உள்ளிருந்தே தூய்மையாக்குவது பொதுநிலையினரின் அழைப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அந்த அழைப்பு பீடத்தில் வாசகம் வாசிப்பதோடு முடிவதன்று. விற்பனைக்கூடத்து மேசையிலும் தொடர்வது. வேலை போய்விடும் என்னும் அச்சம் உண்மையானது. அதனை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் கீழே உள்ளவரைப் பொய்சொல்ல வைத்துச் சம்பளம் தரும் முதலாளி, அந்தப் பாவத்தில் பெரும்பங்கைத் தாமே சுமக்கிறார் என்பதை அறியட்டும்.

வாங்குவோருக்கும் கடமை உண்டு. பகல் வெளிச்சத்தில் நிறம் ஒத்திருக்கிறதா, கதவுத் திருகுகளில் பெயிண்ட் உரிந்துள்ளதா, ரப்பர் ஓரங்களில் பெயிண்ட் சிதறியுள்ளதா என்று பாருங்கள். சீரமைப்பு எதுவும் செய்யப்படவில்லை என்று எழுதிக் கேளுங்கள். கேட்பது அவமரியாதையன்று. குறை தெரிந்தபின் "போகட்டும்" என்று விட்டுவிடுவதையும் பொறுமை என்று எண்ணாதீர்கள். அடுத்து ஏமாறப்போகும் ஏழைக்கு அது இழைக்கும் தீங்கு. அதே குறையை மறைத்து மற்றொருவரிடம் தள்ளிவிடுவதோ, ஏமாந்தவரே ஏமாற்றுபவராக மாறுவது.

சக்கேயு தாம் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்த பின்னரே, அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மன்னிப்புக் கேட்கும் வணிகர், வாங்கியவரின் வீட்டுக் கதவையும் தட்டவேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவத்திற்கு முழுமையான மனமாற்றம் இல்லை.