கடன் கிடைக்கிறது; தீபாவளிக்குப் பிறகு?

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே வாட்ஸ்அப் குழுக்களில் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். கிள்ளான், சுங்கை சிப்புட், பட்டர்வொர்த் என எங்கும் வீட்டு அடுப்புகள் நள்ளிரவு வரை எரியும். பண்டிகை முடிந்த இரண்டாவது வாரம் அந்த எண்களில் பலவற்றிலிருந்து எந்தச் செய்தியும் வராது.

முதல் இல்லாததுதான் காரணம் என்பது பழைய பேச்சு. 2024-இல் அமானா இக்தியார் வழி இந்திய மகளிருக்கென ‘பெண்’ திட்டத்துக்கு 5 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனும் இருக்கிறது. தோட்டப்புறத்துப் பெண்கள் வட்டிக்காரரிடம் போகாமல் தொழில் தொடங்க இவை வழிவிட்டிருக்கின்றன என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அமானா இக்தியார் கடனை வாரா வாரம் கட்ட வேண்டும். விற்பனையோ வருடத்தில் ஆறு வாரம்தான்.

இன்னொரு சிக்கல் விலையில் இருக்கிறது. ஒரு டப்பா முறுக்கு 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அம்மாவும் மகளும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து 15 டப்பா பிழிகிறார்கள். கைக்கு வருவது 300 வெள்ளி. மாவு, உளுந்து, எண்ணெய், டப்பா எல்லாம் சேர்த்து 180 வெள்ளி போனால் மீதி 120. “120 வெள்ளி லாபம்” என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இருவரின் பத்து மணி நேர உழைப்புக்கு அதன்படி 87 வெள்ளி 20 காசு. மிஞ்சும் 32 வெள்ளி 80 காசில்தான் கேஸ், பெட்ரோல், சந்தை மேசை வாடகை, வாரத் தவணை எல்லாம். பக்கத்து வீட்டு அக்காள் 18 வெள்ளிக்குக் கொடுக்கிறார் என்று விலையைக் குறைத்தால், உடையும் முறுக்குக்குக்கூட கட்டாது.

எண்ணெய்க் கணக்கும் பலருக்கு இடறும். 1 கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசு என்பது குடும்பங்களுக்கான மானிய விலை. அதை வைத்து வியாபாரத்துக்கு விலை போட்டால், நாளை போத்தல் எண்ணெய் வாங்கும்போது கை கடிக்கும்.

பதிவைப் பற்றியும் வீண் பயம். எஸ்எஸ்எம் பதிவுக்குச் சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் செய்ய வேண்டியது. அது இருந்தால் தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு திறக்கலாம். முறுக்குப் பணமும் பிள்ளையின் பள்ளி பஸ் காசும் ஒரே கணக்கில் கலந்திருந்தால் லாபமா நஷ்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. உணவைக் கையாள்வோர் டைஃபாய்டு தடுப்பூசி போட்டு, பயிற்சிக்கும் போக வேண்டும். இது விருப்பம் அல்ல, சட்டம்.

நிலைத்தவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே கம்பத்தில், தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தலையில் தட்டு சுமந்து விற்ற பண்டம் இன்று நாடு முழுக்கப் பொட்டலமாகப் போகிறது. கடலையும் முறுக்கும்தான் அவர்கள் செய்ததும். ஆனால் அதைத் தீபாவளிப் பலகாரமாக மட்டும் வைக்கவில்லை. மலாய்க்காரரும் சீனரும் சாதாரண நாளில் கொறிக்கும் பண்டமாக விற்றார்கள். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்று அடுத்தடுத்து ஆர்டர் வரும்.

கடன் வழங்கும் விழாக்களில் மாதிரிக் காசோலையுடன் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து அதே பெண்ணின் வீட்டுக்குப் போய், கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்து, “இந்த விலைக்கு விற்காதீங்க அக்கா” என்று சொல்ல ஆள் போட்டால் அந்த 5 கோடியில் எவ்வளவோ தப்பும். அதற்குப் பெரிய ஒதுக்கீடு கூடத் தேவையில்லை. கணக்கு தெரிந்த பட்டதாரிப் பிள்ளைகள் ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறார்கள்.